ஈரச் சாக்குக்கு வாலாட்டிய ஜாதி நாய்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லி எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அதுவும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வாயைத் திறக்கிறது, மற்ற நேரம் பேசாமல் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பு இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் ஆபீஸ் வேலை பார்ப்பது எனக்குக் காது வழியே தெரியும். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருக்கிறேன். கேட்கிற ஆள் இல்லை, இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

பாலத்துச் சுவர் உடைந்து சிமெண்ட் லாரி பாதி உடம்போடு ஆற்றுக்கு மேலே தொங்கிய வருஷம், பெரிய சினிமாக் கொட்டகை தீப்பிடித்து, உயிர் தப்பி வெளியே வந்த ஜனங்கள் மீதிப் படத்துக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்ட வருஷம், நீ சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்த வருஷம், மூன்றும் ஒன்றுதான். அந்த வருஷத்தில்தான் எங்கள் ஐஸ் பேக்டரி முதலாளி அல்சேஷன் நாய் வாங்கினார். பழைய கதையை எதற்கு இழுக்கிறேன் என்றால், இழுத்தது நீ. போன வாரம் போனில், இந்த வருஷமும் லீவு இல்லை, வர முடியாது, அதற்காக நீங்கள் தனியாக இருக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஏற்ற விசுவாசமான ஜாதியாகப் பார்த்து ஒரு நாய்க்குச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் என்றாய். நான் பதில் சொல்வதற்குள், "சின்ன வயசுல அந்த அல்சேஷன்தானேப்பா என் உயிரைக் காப்பாத்துச்சு, மறந்துட்டீங்களா" என்றாய். மறக்கவில்லை அம்மாடி. எனக்கு மறதி என்பது வரவே இல்லை, அதுதான் என் வியாதி.

நீ சொன்ன நாய்க்காரர் முந்தாநாளே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இருப்பது ஓர் அறையும் அடுப்படியும், அதை வாடகைக்குக் கேட்டு வந்தவர்போல மூலை மூலையாக எட்டிப் பார்த்தார். தோட்டம் உண்டா என்று கேட்டார். மூன்றாவது மாடியில் தோட்டத்துக்கு எங்கே போவேன், ஜன்னலில் ஒரு தொட்டி இருக்கிறது, அதிலிருந்த செடியும் போன மாதம் போய்விட்டது என்றேன். பிறகு படம் படமாகக் காட்டினார். லாப்ரடார் என்று ஒன்று, யார் வந்தாலும் பாசமாக இருக்குமாம். திருடன் வந்தால் என்று கேட்டேன். "அவன்கிட்டயும் பாசமாத்தாங்க இருக்கும்" என்றார், நேர்மையான மனிதர். கோல்டன் ரிட்ரீவர் என்று இன்னொன்று, எதைத் தூக்கிப் போட்டாலும் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்குமாம். இந்த வயதில் நான் தூக்கிப் போடுவதெல்லாம் திரும்பி வரக் கூடாது என்று போடுவதுதான். பீகிள் என்பது காதைத் தொங்கவிட்டுக்கொண்டு குழந்தைகளோடு நன்றாகப் பழகுமாம், ஆனால் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் அதன் பின்னாலேயே போய்விடும், கூப்பிட்டாலும் திரும்பாது என்றார். வேலை கிடைத்து வெளியூர் போகிற பிள்ளைகள் மாதிரி என்று இதற்கு ஒரு பேச்சு வந்தது, சொன்னது நான் இல்லை, எழுதுகிறவர், எழுத வேண்டாம் என்றும் சொன்னேன், எழுதிவிட்டார். பொமரேனியன் எனக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரர் வீட்டில் இருக்கிறது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே குரைக்கும், அவருக்கும் அந்தச் சுபாவம் உண்டு. கடைசியில் நாய்க்காரர் லாப்ரடார்தான் உங்களுக்குச் சரி என்று முடிவு செய்து, "வீட்ல வேற யாருங்க இருக்காங்க" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் அம்மாவின் சேலை தொங்குகிறதே, அதைக் காட்டினேன். மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

இப்போது அந்த அல்சேஷன் விஷயம். அது வரும்போதே வம்சாவளிப் பத்திரம் ஒன்றோடு வந்தது. என் தாத்தா பெயர் எனக்குத் தெரியாது, அந்த நாய்க்கு ஏழு தலைமுறைப் பெயர் எழுத்தில் இருந்தது. முதலாளி அதற்கு வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வேலை ஒன்றும் செய்யாமல் கேட்டில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரை முறைத்துப் பார்த்ததால் நாங்கள் மேனேஜர் என்று கூப்பிட்டோம், அதுவும் அதற்கே திரும்பிப் பார்த்தது. ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும் இடத்தில் யாரை விடுவது யாரைத் தடுப்பது என்று நாய்க்கு எப்படிப் புரிய வைப்பது. மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். ஐஸ் பாரை, அந்த நீளக் கட்டியைத் தோளில் தூக்குகிறவர்கள் எல்லோரும் தோளில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டிருப்போம், இல்லாவிட்டால் தோல் கருகிவிடும். உப்புத் தண்ணீரும் அம்மோனியாவும் ஊறி அந்தச் சாக்குக்கு ஒரு வாடை உண்டு, பத்துத் தடவை துவைத்தாலும் போகாது. சாக்குப் போட்டவன் கையால்தான் அதற்குச் சோறு, சாக்கு இல்லாதவன் கையால் அடி. ஒரு மாதத்தில் மேனேஜருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மேஸ்திரி மார்தட்டிக்கொண்டார். சாக்கு வெளியே போகும், லாரியிலிருந்து தெருவில் விழும், விழுந்ததை எவன் வேண்டுமானாலும் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்பது அந்த ஏழு தலைமுறைக்கும் தோன்றவில்லை, மேஸ்திரிக்கும் தோன்றவில்லை.

ஒருவனுக்குத் தோன்றியது. மார்க்கெட் முனையில் ஜூஸ் வண்டி வைத்திருந்தவன். மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வருவான், மேனேஜர் வாலாட்டி வரவேற்பார், ஒரு பாரைத் தூக்கிக்கொண்டு போவான். இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. திருடினான் என்று எழுத மாட்டாராம், எடுத்துக்கொண்டான் என்றுதான் எழுதுவாராம். சரி, எடுத்துக்கொண்டான். எங்கள் தொழிலில் ஒரு வசதி, திருட்டுப் போன சரக்கும் தண்ணீராகிவிடும், போகாத சரக்கும் தண்ணீராகிவிடும். குறைகிறதே என்று முதலாளி கேட்டால் மேஸ்திரி, "வெயில் ஜாஸ்தி முதலாளி, கரையுது" என்பார்.

பிறகு ஒருநாள், நாயை வாங்கி அனுப்பியதோடு வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, தன் சம்பந்திகளை அழைத்துக்கொண்டு, தன் நாயின் விசுவாசத்தைக் காட்ட, வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினார். மேனேஜர் விடவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டின் நடுவில் நின்றுவிட்டது. சோறு போடுகிற முதலாளி என்பதெல்லாம் நாய்க்கு எப்படித் தெரியும், அவர் கையால் ஒரு வாய் போட்டதில்லையே. மேஸ்திரி உள்ளேயிருந்து கையைக் கட்டிக்கொண்டு, "முதலாளி, தப்பா நெனைக்காதீங்க, இந்தச் சாக்கைக் கொஞ்சம் தோள்ல போட்டுக்குங்க" என்றார். சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருக்க வெயிலில் நின்று நின்று, கடைசியில் அவர் சொட்டச் சொட்ட அந்தச் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் தன் பேக்டரிக்குள் நுழைந்தார். மேனேஜர் வாலாட்டியது. அன்று சாயங்காலமே நன்றி கெட்ட நாய் என்று பட்டம் கட்டி வெளியே தள்ளச் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்ததற்குத் தண்டனை, அது என்னமோ எனக்குப் பொறுக்கவில்லை, கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உன் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "நமக்கே ஒண்டிக்க இடம் இல்ல, இதுல துரையை வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள். துரை உள்ளே வந்து என் சாக்கு தொங்கிய ஆணிக்குக் கீழே படுத்தார், அதோடு அந்த இடம் அவருடையது.

இனி உன் உயிர் விஷயம். என் வார லீவு நாள் அது, நான் தூங்குகிறேன், உன் அம்மா கீழே குழாயடியில். வெயில் காலத்தில் நீ அந்த ஈரச் சாக்கின்மேல்தான் படுத்துப் புரளுவாய், குளிர்ச்சி. அன்று அதை இழுத்துக்கொண்டே படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாய். மேனேஜர் பின்னாலேயே போயிருக்கிறது. மார்க்கெட் ரோட்டின் நடுவில் சாக்கை விரித்து நீ உட்கார்ந்துவிட்டாய், அது உன்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வண்டியையும் நகரவிடவில்லை. லாரி, பஸ், சைக்கிள், எல்லாம் நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா என்ன விசுவாசம், அல்சேஷன் என்றால் அல்சேஷன்தான் என்றார்கள், உன் பள்ளிக்கூட நாள் வரைக்கும் சொன்னார்கள், நீயும் அதையே நம்பி வளர்ந்தாய். நான் உனக்கு இப்போது சொல்கிறேன், அது காவல் காத்தது சாக்கை. நீ அதன்மேல் உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மா தலைதெறிக்க ஓடி வந்து உன்னைத் தூக்கக் குனிந்தாள், அவளைப் பார்த்து உறுமியது. "பெத்த பிள்ளையைத் தூக்க எனக்கே பாஸ் கேக்குதா இது" என்று நடுரோட்டில் நின்று அழுதாள். நான் ஓடி வந்தேன், தினம் சோறு வைக்கிறவன், என் தோளிலும் சாக்கு இல்லை, என்னைப் பார்த்தும் உறுமியது. அப்போது முனையில் நின்ற ஜூஸ் வண்டியிலிருந்து ஒருவன், ஐஸ்மேல் போர்த்தியிருந்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தான். மேனேஜர் வாலாட்டி வழி விட்டது. உன்னைத் தூக்கி உன் அம்மா கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் தோளைப் பார்த்தேன். பேக்டரி முத்திரை அச்சடித்த சாக்கு. இத்தனை நாள் ஐஸ் எந்தப் பக்கமாகக் கரைந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது. மறுநாள் மேஸ்திரி எதையோ கேட்டதற்கு, "வெயில் ஜாஸ்திங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வாரம் தவறாமல் உனக்கென்று ஒரு துண்டு ஐஸ் கொண்டு வருவான், நீ நாக்கு சிவக்கச் சப்புவாய், ஐஸ் மாமா ஐஸ் மாமா என்று காலைக் கட்டிக்கொள்வாய். அந்த மாமா எந்தக் கடையிலிருந்து வாங்கி வந்தார் என்று நீ கேட்டதில்லை. மேனேஜர் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பேக்டரியை மூடினார்கள், நான் வேறு வேலைக்குப் போனேன், ஆணியில் தொங்கிய சாக்கு காய்ந்து மொடமொடத்தது. வாடை போயிற்று. ஒருநாள் துரை எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, திரும்பிப் பாராமல் ஜூஸ் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், அங்கே சாக்கு இன்னும் ஈரம். சாகிற வரைக்கும் அங்கேதான். துரை வேண்டாம் என்றவள் உன் அம்மா, போனதற்கு அழுதவளும் அவளே.

அதனால் சொல்கிறேன் அம்மாடி, நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜாதி எதுவானாலும் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு வாடை வேண்டும். இந்த வீட்டில் இருப்பது ஆணியில் தொங்கும் சேலை ஒன்று, அதற்குக் கீழே படுக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது, நான்தான் அந்த இடத்தில் பாய் போடுகிறேன். லாப்ரடார் வந்தால் எங்கே படுக்கும். உன் வாடை இங்கே எதிலும் இல்லை. அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போன பிறகு நீ வரவில்லை, உன் தலையணை உறையை நான் துவைக்காமல் வைத்திருந்தேன், அதுவும் அந்தப் பழைய சாக்குபோல ஆகிவிட்டது. என்னைக் காவல் காக்க ஆள் வேண்டாம், காலையில் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்க்கிற மனுஷன் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற நாயை நிறுத்திவிடு. கிடைக்கிற லீவு மூன்று நாளானாலும் சரி, நீ வா, பேரனையும் கூட்டி வா. அப்படியும் நாய்தான் வரும் என்றால் வரட்டும், கதவைத் திறக்கிறவர் தோளில் ஈரச் சாக்கோடு நிற்பார், பிறகு அது யாருக்கு விசுவாசமாக இருக்கிறது என்று என்னைக் குறை சொல்லாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், பேரன் பெரிய ஆளாக வளர்ந்து, நீங்கள் மூவரும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. பேரனுக்கு ஈரத் தலையோடு தொப்பி போடாதே, நீராவி உள்ளேயே நின்று சளி பிடிக்கும். நீ வருவதானால் தோளில் எதுவும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, அப்படியே உள்ளே வரலாம்.

அந்த வருஷத்து மனிதர்களில் முதலாளி போனார், மேஸ்திரி போனார், உன் அம்மாவும் போனாள், மனிதர் கணக்கில் சேர்க்கலாம் என்றால் மேனேஜரும் போயிற்று. இப்படிக்கு, சொன்னது உன் அப்பா. எழுதியது, என்னைத் தவிர அந்தச் சாக்கைத் தோளில் போட்டவர்களில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், உன் ஐஸ் மாமா.