உங்கள் பஸ்ஸில் ஒரு கோப்பு குறைகிறது

என்னை விட்டுவிட்டு முன்னால் போன என் மகராசனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அங்கே இடுப்பு வலியும் கிடையாது, மில்லில் நைட் ஷிஃப்டும் கிடையாது; நன்றாகத்தான் இருப்பீர்கள். நானும் நன்றாக இருக்கிறேன். கடலைமிட்டாய்க் கடையில் வியாபாரம் பரவாயில்லை. கோபம் மட்டும் குறையவில்லை, அதுவும் உங்கள் மேல்தான்.

போன வாரம் உங்கள் பழைய கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டுவிட்டது. பஸ் ஓட்டும் அந்த விளையாட்டில் சேர்ப்பதற்காக, நம் கோவில்பட்டி – எட்டயபுரம் பஸ்ஸை வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தீர்களே, அந்த மோட் மட்டும் பென்டிரைவில் பிழைத்தது. "முழுசா முடிச்சிட்டு உனக்கு ஓட்டிக் காட்டுதேன்" என்றீர்கள். காட்டாமலே போய்விட்டீர்கள். ஒரு தடவையாவது அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன்.

மோடைப் போட்டேன். பஸ் கிளம்பவில்லை. தேவையான கோப்புகள் இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. உங்கள் கூட்டாளி கணேசனுக்குப் போன் போட்டேன்.

"மொத்தத்தையும் பாத்துப் பதறாதீய மதினி. முத வரிய மட்டும் வாசிங்க. அது கெடச்சா கீழ உள்ளதுல பாதி தானா அடங்கிரும்."

முதல் வரி சாலைக் கோப்பு. யாரோ செய்த சாலையின் மேல் உங்கள் பஸ்ஸை விட்டிருக்கிறீர்கள். அந்தச் சாலையை யார் தேடுவது? நான்தான் தேடினேன். புதுப் பதிப்பு ஆகாதாம், பழையதுதான் வேண்டுமாம். அதையும் பிடித்துப் போட்டேன். அப்போதும் இல்லை என்றது. பார்த்தால் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்ததும் சாலை வந்தது, இரண்டு பக்கமும் கரிசல் காடும் வந்தது. வீட்டில் எதையும் எடுத்த இடத்தில் வைக்காத மனுஷன், இதிலாவது ஒழுங்காக வைத்திருக்கக் கூடாதா?

கடைசியில் ஒரே ஒரு வரி நின்றது. 'பச்சைச்சேலை' என்ற கோப்பைக் காணோமாம்.

"அது ஏதோ பயணி பொம்மை மதினி. அது கட்டாயம் வேணும்னு மோடுல ஒரு வரி எழுதி வச்சிருக்கான். அந்த வரிய அழிச்சிட்டா பஸ் ஓடிரும். அழிச்சிருவோமா?"

"அதெல்லாம் வேண்டாம். அவிய கட்டாயம்னு எழுதியிருந்தா கட்டாயம்தான்."

"அப்பம் அந்தப் பேரையே போட்டு எல்லா எடத்துலயும் தேடுங்க. யாருக்காவது அனுப்பி வச்சிருப்பான்."

யாருக்கு அனுப்பியிருப்பீர்கள்? எனக்குத்தான். "உன் போன்ல கெடக்கட்டும்" என்று கண்டதையும் என் வாட்ஸ்அப்பில் தள்ளுவீர்களே. திறக்க வராததை எல்லாம், போனில் இடமில்லை என்று நான் அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். இதையும் அழித்திருந்தால் என்ன செய்வேன்? அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். கடம்பூர் போளி படத்துக்கும் மில் லீவு அறிவிப்புக்கும் நடுவில் இருந்தது. எப்படித் தப்பியதோ தெரியவில்லை.

அதைப் போட்டதும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, தோளில் பையும் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலமுமாக வேர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறாள். நான்தான். என் இடுப்பை இவ்வளவு அகலமாகவா வைப்பீர்கள்?

எட்டயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு நான் பிந்தித்தான் வருவேன். நீங்கள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு நிமிஷம், அந்தா வந்துட்டா" என்று கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள். என்னை ஏற்றாமல் எந்த பஸ்ஸையும் கிளம்ப விட்டதில்லை. விளையாட்டிலும் விடவில்லை. அழுதேன், பிறகு சிரித்தேன். கணேசன் பாவம், "மதினி, என்ன ஆச்சு?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எட்டயபுரம் வரை நானே ஓட்டினேன். வழியில் ஒரு வேப்பமரத்தில் இடித்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி இதை இன்டர்நெட்டில் போடலாம் என்கிறார் கணேசன். போடுகிறேன், என்னைப்போல் யாரும் தேடி அலையாதபடி எல்லாக் கோப்பையும் ஒன்றாகக் கட்டியே போடுகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எவர் கேட்டாலும் அழிக்க விடமாட்டேன். எந்த ஊரில் யார் ஓட்டினாலும் சரி, நான் ஏறிய பிறகுதான் உங்கள் பஸ் கிளம்பும்.

வழக்கம்போலப் பிந்தி வரும் உங்கள் வீட்டுக்காரி,
செல்வி