மூன்றாம் அறை பச்சையாகவே இருக்கிறது

மார்ச் 4
குளிர்கிடங்கு முழுவதும் சென்சார் பொருத்தி முடித்தோம். குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்க வேண்டிய சின்னச் சின்னப் பெட்டிகள். எல்லாம் ஓயாமல் ரேடியோவில் பேசினால் சந்தைக்கடை இரைச்சல்தான். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் யார் எப்போது பேசலாம் என்பதை நான் எழுதிய கணினி மாடல் தானாகவே கற்றுக்கொள்கிறது. அடுத்த அளவை மையக் கணினியான சர்வரே கணிக்க முடிந்தால் பெட்டி பேச வேண்டாம்; கணித்த எண்ணை சர்வர் நிரப்பிக்கொள்ளும். வீணாகப் பேசினால் அபராதம், சும்மா இருந்தால் மதிப்பெண். என்னையும் பள்ளியில் இப்படித்தான் வளர்த்தார்கள்.

அக்கா அங்கேதான் ஷிப்ட் மேற்பார்வை. "உன் பெட்டியெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுமாடி?" என்றாள். "உன்னைவிட நல்லாவே செய்யும்" என்றேன்.

மார்ச் 19
பேட்டரிச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எங்கள் மேலாளர் கேக் வாங்கி வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே பேட்டரிதான், எதற்கெடுத்தாலும் அதே பேச்சு.

ஏப்ரல் 2
மூன்றாம் அறைப் பெட்டி பேசுவதே இல்லை. கிடங்குத் திரையில் பச்சை, அதாவது கசிவில்லை. நல்லதுதானே?

ஏப்ரல் 7
அக்கா போன் செய்தாள். மூன்றாம் அறைக்குள் போனால் கண் எரிகிறதாம். "ஃபோர்மேன் திரையைப் பாத்துட்டு, பச்சைதானே, உள்ள போங்கன்னுட்டாரு." பச்சையாக இருக்கும்வரை அறையைக் காலி செய்யக் கூடாது என்பது கிடங்கு விதி. நானும் திரையைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லக்கா, தரை கழுவுற மருந்தா இருக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டு அந்த அறையின் பதிவைத் திறந்து பார்த்தேன். நிஜமான அளவு இவ்வளவு வழவழவென்று ஒரே கோடாக வருமா?

ஏப்ரல் 8
கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டியும் அவ்வப்போது 'இருக்கேன்' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதையும் மற்ற செய்திகளோடு சேர்த்தே மாடலிடம் கொடுத்திருக்கிறேன். பிரித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்போதும் ஒரே வார்த்தை – அதைவிட எளிதாகக் கணிக்கக்கூடியது எது? வீண்பேச்சு என்று மாடல் அதையும் நிறுத்திவிட்டது. 'இருக்கேன்' என்று சர்வரே எழுதிக்கொள்கிறது. மூன்றாம் அறைப் பெட்டி செத்து எத்தனை நாளோ – கடவுளே, அக்காவை நான்தானே உள்ளே போகச் சொன்னேன்.

மேலாளர் பேட்டரியிடம் ஓடினேன். "திங்கக்கிழமை புது வாடிக்கையாளர் வர்றாங்கம்மா. அது முடியட்டும், மாத்திக்கலாம். ஒரு பெட்டிதானே?"

அக்கா போனை எடுக்கவில்லை; உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஃபோர்மேனை அழைத்து எல்லாரையும் வெளியே கூப்பிடச் சொன்னேன். "பச்சைன்னா பயமில்லைன்னு நீங்கதானேம்மா பாடம் எடுத்தீங்க" என்று சிரிக்கிறார். வண்டிக்குக் காத்திருக்கிறேன். நேரில் போய் இழுத்து வந்துவிடுவேன்.

ஏப்ரல் 9
பிந்திவிட்டேன். நான் போவதற்குள் மூன்றாம் அறை முழுக்க அமோனியா.

ஏப்ரல் 13
ஆஸ்பத்திரி. அக்காவின் தொண்டையில் குழாய். அவளோடு உள்ளே இருந்த, சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுபவர் நேற்று இறந்துவிட்டார்.

பேட்டரி வந்திருந்தார். வராந்தாவில், அத்தான் காதில் விழும்படியே பேசினார். "அன்னைக்குக் காலை வரைக்கும் கசிவே இல்லைன்னு நம்ம பதிவு சொல்லுது. விசாரணைக்கு அதைத்தான் கொடுக்கப்போறோம். உங்க அக்கா வால்வைத் தப்பாத் திறந்திருக்கணும்னு கிடங்குல சொல்றாங்க. நீங்க இதுல தலையிடாதீங்கம்மா."

அவர் போனதும் அத்தான் கேட்டார். "அந்தப் பதிவு சரின்னா, கண் எரியுதுன்னு தினமும் வந்து சொன்னாளே, அது பொய்யா?"

"அந்த அறையில யாரும் எதையும் அளக்கல அத்தான். அந்த எண்ணெல்லாம் நான் செஞ்ச மாடல் போட்டுக்கிட்டது. விசாரணையில சொல்லிடுவேன்."

 அவர் எழுந்து போய் வராந்தாவின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.