ராக்கெட்டுக்கு ஒரு பூசைக் கருத்து

கொட்டச்சேடு,
புதன்கிழமை

இயேசு மரி சூசை துணை

என் பாசமுள்ள பேத்தி ஜோஸ்லினுக்கு, அப்பாயி இன்பமேரி ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். சென்னை வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே கவலை.

போன் இருக்கும்போது கிழவி ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது உன் அப்பன் உட்காரும் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான். இது அவன் காதில் விழக்கூடாத சேதி. கன்னியாஸ்திரிகள் ஐந்தாம் வகுப்பு வரை என்னை விரலில் தட்டித் தட்டி எழுத வைத்தது இதற்காவது உதவட்டும். நிதானமாகப் படி.

பூ மழை இந்த வருஷம் சரியான நேரத்தில் பெய்தது. காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துத் தெரு முழுக்க மணக்கிறது. உன் அம்மா ரூபி, நீ வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று மிளகை இடித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் முதல் ராக்கெட் அடுத்த மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் என்று நீ சொன்னாய் அல்லவா? அன்றைக்கே கோயிலுக்குப் போய், பூசையில் அதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பூசைக் கருத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். போன ஞாயிறு பூசைக்கு முன்னால் உபதேசியார் கருத்துகளை வாசித்தார். இறந்துபோன ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கும் ஒரு கண் ஆபரேஷனுக்கும் நடுவில், "நம் பங்கைச் சேர்ந்த ஆண்டனி ராஜின் மகள் ஜோஸ்லின் வேலை செய்யும் தனியார் கம்பெனியின் முதல் ராக்கெட் பத்திரமாக வானத்துக்குப் போக" என்று மைக்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் பார்த்தால் ரூபி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. நீ அரசாங்க விண்வெளி வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியும், உன் அப்பன் ஊரில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லையாம். கேட்டவர்களிடமெல்லாம், "திருவனந்தபுரத்துலதானுங்க இருக்குது, நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் மைக் வைத்துச் சொல்ல வைத்துவிட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சூசைமாணிக்கம் உன் அப்பனைப் பிடித்துக்கொண்டார். ஆலமரத்து வளைவில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறாரே, அவர்தான். "ஏனுங்க ரைட்டரே, புள்ள கவர்மெண்ட் வேலைய உட்டுப்போட்டுக் கம்பெனிக்குப் போயிருச்சாமா? நொம்ப தைரியந்தானுங்க. நாளைக்குக் கம்பெனிய மூடிட்டா என்னங்க பண்ணும்?" என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார்.

உன் அப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டுவான் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பி நின்றான். "காப்பி மூட்டைய போர்டுக்குப் போடாம யேவாரிக்கு வித்தா நாசமாப் போயிருவோம்னு ஊரே பயந்துச்சே, அன்னிக்கு மொத மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனது ஆருங்க?" என்றான். உனக்குத் தெரியாது கண்ணு. அந்தக் காலத்தில் விளைகிற காப்பி அத்தனையும் அரசாங்கத்தின் காப்பி போர்டுக்குத்தான் போட வேண்டும். அப்புறம் யாருக்கும் விற்கலாம் என்று திறந்து விட்டார்கள். முதலில் ஓடியவர் இதே சூசைமாணிக்கம்தான்.

அவரும் லேசுப்பட்ட ஆளா? "அது காப்பிங்க ரைட்டரே, கீழ விழுந்தா பொறுக்கிக்கலாம். இது ராக்கெட்டுங்க" என்றார். கோயில் வாசலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மாதா மன்னிக்கட்டும்.

உன் அப்பன் சிரிக்கவில்லை. "போர்டு என்ன செத்தா போச்சு? இன்னிக்கும் விதைக்கும், செடிக்கு நோய் வந்தாலும் அங்கதான போய் நிக்கறீங்க? இதுவும் அப்படித்தானுங்க. கவர்மெண்ட்டு எடங் குடுக்குது, சோதிச்சுப் பாத்துக் குடுக்குது. எம் புள்ள கம்பெனி ராக்கெட்டுச் செய்யுது. இனி ரெண்டு பேரும் கூடித்தான் மேல போவோணும்" என்றான்.

எட்டு மாதமாக உன்னோடு பேசாமல் இருக்கிறவன் வாயால் 'எம் புள்ள' என்று கேட்டேன். டிவியில் ராக்கெட் வந்தால் எழுந்துபோய் அணைக்கிறவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ரூபியைக் கேட்டேன். போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறானாம், அவளுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து என்மேல் பாய்ந்தான். "உன்னைய ஆரும்மா கருத்துக் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டான். "எம் பேத்தி ராக்கெட்டுக்கு நான் வேண்டாம எதுத்த ஊட்டுக்காரியா வேண்டுவா?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். பிறகு மெதுவாக, "மொத ராக்கெட்டு நெறையாப் பேருக்கு விழுந்துருமாமேம்மா, அப்படியா?" என்றான். அதை என்னிடமா கேட்பது? ரேடியோவுக்கு மேல் எனக்கு ஒரு எந்திரமும் தெரியாது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவன் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட்டை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. ஒரு நாள் காலையில் கூலியாட்களைப் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கப் போனவனை கேட்டிலேயே நிறுத்தி, வேறு ஆள் போட்டாச்சு என்று அனுப்பிவிட்டார்கள். வேறு எஸ்டேட் கிடைக்கும்வரை என்னென்னவோ கூலி வேலை செய்தான். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் உத்தரவு. உன்மேல் அவன் காட்டும் கோபத்தில் முக்கால்வாசி அந்த கேட்டில் நின்ற பயம்தான் சாமி.

நேற்று அடுத்த வீட்டு மெல்வினிடம், சேலத்திலிருந்து சென்னைக்கு பஸ் நல்லதா ரயில் நல்லதா என்று விசாரித்தானாம். எதற்கு என்று கேட்டதற்கு, என் முட்டி வலியைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றானாம். என் முட்டி வாழவந்தி ஊர்வரைக்கும் நடந்தே போய் வருகிறது. அதற்கு ஒரு டாக்டரும் வேண்டாம்.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன். அப்பா பேசினால்தான் நான் பேசுவேன் என்று நீயும் பிடிவாதமாக இருக்கிறாய். அவன் கூப்பிட மாட்டான், கூப்பிடத் தெரியாது. ராக்கெட் விடுவதை ஜனங்கள் உட்கார்ந்து பார்க்க அங்கே இடம் இருக்கிறதாமே, முன்னாலேயே பேர் பதிய வேண்டுமாமே. அவன் பேரை நீயே பதிந்துவிட்டு, 'வாங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

ராக்கெட் மேலே போய்விட்டால் உனக்குக் கை கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். போகும், நான் நம்புகிறேன். மாதா பார்த்துக்கொள்வாள். உன் பழைய ஆபீஸ்காரர்கள், புதுக் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். ஒருவேளை விழுந்துவிட்டால், அன்றைக்கு ஒன்றும் பேசாமல் உன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும் கண்ணு. எட்டு மாதமாக அவன் அதற்குத்தான் பழகியிருக்கிறான்.

உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,
உன் அப்பாயி
இன்பமேரி