உன் பாகற்காய் முதுகுக்காரனுக்கு நிழல்

கண் விழித்ததும் தலையணைக்கடியில் பென்சிலைத் தேடுகிற என் ரேவதிக்கு,

தடாவில் நம் கம்பெனி ஹாஸ்டலில் உன் கட்டில் காலிதான். வேறு யாரும் கேட்டு வரக்கூடாதென்று என் துணிகளை அதன் மேல் பரப்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லை. வரையும்போது நீயும் பேசமாட்டாய்தான். ஆனால் அந்த மௌனம் வேறு, இல்லையா?

போன வாரம் நாகலாபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். நீ பாதியில் விட்ட படத்தை உன் அம்மா எடுத்து வந்தார். முருங்கைக்காய்க் கால்கள், மாவிலைக் காதுகள், பாகற்காய் முதுகு. முதுகில் பாதிக்குத்தான் நிழல் போட்டிருந்தாய்.

“வருஷத் திதிக்கு இத மாட்டணும் கண்ணு. போட்டோவுல அவ சிரிக்கவே இல்ல. இத வரஞ்சப்போ சிரிச்சிக்கினே இருந்தா. நீ முடிச்சிக் குடு.”

“நான் பஸ்ஸு, தெருவுன்னு வரையறவ அத்தை. இது எனக்கு வராது.”

“அவளுக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

உன்னை நான் கேலி செய்தது நினைவிருக்கிறதா? “ஒலகத்துலயே இல்லாத ஜந்து. அதுக்கு எதுக்குடி நிழல்?”

“இல்லாததுக்குத்தாண்டி கரெக்டா போடணும். பஸ்ஸுன்னா நீ தப்பா போட்டாலும் பஸ்ஸுன்னு தெரிஞ்சிடும்.”

வேறொரு தாளில் பழகிப் பார்த்தேன். விரலால் தேய்த்ததும் முதுகு முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டது. நீ தேய்க்கவே இல்லை. ஒவ்வொரு பாகற்காய் முண்டிலும் வெளிச்சம் படும் பக்கத்தை வெள்ளையாக விட்டிருந்தாய். இரண்டு முண்டுகள் சேரும் பள்ளத்தில் மட்டும் கறுப்பு. அப்படியே செய்தும் ஒட்டவில்லை. நீ இடது கைக்காரி, உன் கோடுகளும் என் கோடுகளும் எதிரெதிராகச் சாய்ந்தன. கடைசியில் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் போட்டேன். உன் கோடு என் கைக்கு வந்தது.

கூடவே கோபமும் வந்தது. காய்ச்சலோடு கம்பெனி லைனில் நின்று வேலை செய்தாய். “லீவு லேதம்மா, டார்கெட் உந்தி” என்றான் சூப்பர்வைசர். லீவு கிடையாதாம், டார்கெட் இருக்கிறதாம். அந்தக் காய்ச்சலிலேயே நீ போன பிறகு, கான்ட்ராக்ட் ஆளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது கம்பெனி. மறுநாளே உன் இடத்தில் ஒரு புத்தூர்ப் பெண் நின்றாள். அவளிடம் கோபப்பட முடியுமா? நானும் இன்னும் அதே கேட்டுக்குள்தான் நுழைகிறேன். வேறு எங்கே போவது?

முதுகை முடித்தும் ஜந்து அந்தரத்தில் மிதந்தது. காலடியில் நிழலே இல்லை. அதை மட்டும் தாளைத் திருப்பாமல், என் கை போன போக்கில் போட்டேன். கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. இருக்கட்டும்.

அத்தை படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இப்பதான் தரையில நின்னுக்கினு கீது.”

இனி நம் லைனை வரையப் போகிறேன், ரேவதி. வரிசையாக எல்லோரையும். உன் இடத்தில் யாரையும் நிறுத்தமாட்டேன். அங்கே உன் நிழல் மட்டும் விழும். அதைக் கரெக்டாகப் போடுவேன்.

உன் அம்மாவை அத்தை என்றழைத்தே
உனக்கு மாமன் மகளாகிப் போன
குமுதா