எண்பது வந்ததும்

மார்ச் 3

என்னங்க,

நலமா? இங்கே நான் நலம், தொட்டியில் மீன்களும் பவளங்களும் நலம். உங்கள் விளக்குதான் நலமில்லை. மூன்று நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த தொட்டி விளக்கு நேற்று ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. ட்யூப்பை மாற்றிப் பார்த்தேன், எரியவில்லை. மாடிவீட்டுக்காரர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள கருகிப்போச்சும்மா, புதுசுதான் வாங்கணும்" என்றார்.

மீன் கடைக்குப் போனால் ஆறு விதமான விளக்கைக் காட்டித் தலையைச் சுற்ற வைக்கிறார்கள். "சாரையே கேளுங்க, கடல் தொட்டின்னா அவருக்கு அத்துப்படியாச்சே" என்கிறார் கடைக்காரர். நீங்கள் ஊரில் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. வேலையாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

போனில் கேட்டால் "ம்", "சரி", "அப்புறம் பேசறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், குழிக்குள் சிக்னல் இல்லை என்பீர்கள். அதனால்தான் கடிதம். இதிலாவது நாலு வரி முழுசாக எழுதுவீர்கள் அல்லவா?

என்னைக் கேட்டால் வெள்ளை வெளிச்சம் போதும். உங்கள் நீல வெளிச்சத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிணம் மாதிரி தெரிகிறார்கள். போன வாரம் ஒருவருடைய கருப்புக் கால்சட்டைக்குக் கருநீல நூலில் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டேன். "ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லையா?" என்று தையல் கடையில் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். மெஷினை உள் அறைக்கு நகர்த்தலாம்தான். மனசு வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தால் நீங்களும் கூடவே இருக்கிற மாதிரி இருக்கிறது.

அந்த ஊர் வேலை ஆறே மாதம் என்று சொல்லிப் போனீர்கள். பதினான்கு ஆகிறது. கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

உங்கள் தையல்காரி

மார்ச் 9

அன்புள்ள தையல்காரிக்கு,

ட்யூப் இனி வேண்டாம். எல்.இ.டி. வாங்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று தனித்தனித் திருகு இருக்கிறதா என்று பார். நம் தொட்டி மூன்றடி, அதனால் நீளமான விளக்காக இருக்கட்டும், குட்டையானது என்றால் இரண்டு ஓரமும் இருட்டாகிவிடும். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடு.

உனக்கு நீலம் பிடிக்காது, தெரியும். ஆனால் பவளத்துக்குச் சோறு போடுவது அதுதான். வெள்ளை நம் கண்ணுக்காக. திருகில் நூறு வரை எண் இருக்கும். வெள்ளையைப் பத்துக்கு மேல் ஏற்றாதே. நீலத்தை இருபதில் ஆரம்பித்து, வாரத்துக்குப் பத்து மட்டும் கூட்டு. எண்பது வந்ததும் நிறுத்திவிடு. ஆறு வாரம் ஆகும். ஆகட்டும். பழைய மங்கல் வெளிச்சத்துக்குப் பழகியவை அவை, திடீரென்று கூட்டினால் தாங்காது. உன் அவசரம் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எண்பது வந்ததும் நான் வருகிறேன். நேரில் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது. அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள், நுனி சுத்தியல் மாதிரி இருக்கிற அந்தச் சுத்தியல் பவளத்தை முக்கியமாக. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மெக்கானிக்

மார்ச் 26

என்னங்க,

ஒரு முழுப் பக்கம்! கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு நீங்கள் ஒரு முழுப் பக்கம் எழுதியதில்லை. கடையில் முதலாளியம்மா, "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

நீங்கள் சொன்ன விளக்கே வாங்கிவிட்டேன். நானே ஏணி போட்டு ஏறி மாட்டினேன், நம்புவீர்களா? ஒரு சாண் என்றால் யார் சாண் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கையை நினைத்துக்கொண்டு அளந்தேன்.

சரி, திட்டக்கூடாது. எண்பது வந்தாயிற்று. வாரத்துக்குப் பத்து என்றுதான் ஆரம்பித்தேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. தினமும் போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒன்பதே நாளில் முடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பார்க்கப்போனால் முன்பைவிட அழகாகத்தான் இருக்கிறது. சுத்தியல் பவளத்தின் பழுப்பெல்லாம் போய்த் துவைத்து உலர்த்தின மாதிரி வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. நீங்கள் வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள்.

ஜன்னல்களுக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன், இனி நீங்கள் வரும்போது கத்தாது. அந்த நேரில் பேசுகிற விஷயம் எனக்குத் தெரியும். மாற்றல் கிடைத்துவிட்டது, அதுதானே? எழுத வேண்டாம். வந்தே சொல்லுங்கள், தெரியாத மாதிரி இருக்கிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் தையல்காரி

மார்ச் 31

அன்புள்ள தையல்காரிக்கு,

இதைப் படித்தவுடன் எழுந்துபோய் நீலத்தை இருபதுக்கு இறக்கு. வெள்ளையை அணைத்துவிடு. மீதியைப் பிறகு படி.

பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. நிறமும் அதுதான், சாப்பாடும் அதுதான். வெளிச்சம் அளவுக்கு மீறினால் அது வெளியே போய்விடும். அப்புறம் பவளம் வெள்ளையாகும், பட்டினி கிடக்கும். நீ அழகு என்று எழுதியது அதைத்தான். இப்போது குறைத்தால் சிலது பிழைக்கலாம்.

மாற்றல் இல்லை. நான் கேட்கவும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு நேரில் வந்து சொல்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது.

இங்கே ஒருத்தியோடு இருக்கிறேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். "உங்க வீட்டு மீனை எப்பக் கொண்டு வருவீங்க?" என்று அந்தக் குழந்தை தினமும் கேட்கிறது. கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டியை எடுத்துப்போகவும், பிரிவதற்கான காகிதங்களில் உன் கையெழுத்து வாங்கவும்தான் வருவதாக இருந்தேன். ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை, வண்டியோடு வருகிறேன்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் என்னுடையதுதான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

நான்

ஏப்ரல் 13, காலை
தையல் மேசை மேல்

மெக்கானிக் அவர்களுக்கு,

மாடிவீட்டில் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருப்பீர்கள். என்னைத் தேட வேண்டாம், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறேன். நீங்கள் கிளம்பின பிறகுதான் வருவேன்.

பத்து நாளாக அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கடை ஜன்னலில் தொங்கவிட்ட துணி வெளுத்துப்போகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். பவளம் சாகிறது, அதைப் போய் அழகு என்று உங்களுக்கே எழுதி அனுப்பினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் என்று அக்கா சும்மாவா திட்டுகிறாள்?

எண்பது வந்ததும் வருகிறேன் என்றீர்கள். சீக்கிரம் எண்பது வந்தால் சீக்கிரம் வருவீர்கள் என்று திருகினேன். வேறு காரணம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பவளம் தாங்காது, வாரத்துக்குப் பத்துதான் என்று அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினீர்களே, எனக்கு மட்டும் ஏன் ஒரே நாளில் முழுசாகத் திருகினீர்கள்? ஒரு வருஷம் இருந்ததே. கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கலாமே.

இரண்டு பவளம் போய்விட்டன. சுத்தியலின் அடியில் நேற்று துளிப் பழுப்பு தெரிந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். தொட்டியை எடுத்துப்போங்கள். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு, அதை ஏன் கெடுக்க வேண்டும்? மீன்களுக்குக் காலையில் தீனி போட்டுவிட்டேன். காகிதங்களை வைத்துவிட்டுப் போங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

விளக்கைத் தேடாதீர்கள், அதைத் தரமாட்டேன். அங்கே வேறு வாங்கிக்கொள்ளுங்கள், இருபதில் ஆரம்பியுங்கள். இதைக் காலையில் கழற்றி மெஷினுக்கு மேலே மாட்டினேன். நீலத்தை அணைத்துவிட்டேன், வெள்ளை நூறில் இருக்கிறது. கருப்பு நூல் எது, கருநீல நூல் எது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

தையல்காரி