சாட்சி சொன்ன கண்

செப். 8, ஞாயிறு
வெயில் கொளுத்துகிறது. கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்து, இடது கண்ணில் புரை எடுத்து ஆண்டவர் பார்வை தந்ததற்குச் சபை முன்னால் சாட்சியும் சொன்னேன். மைக் வேண்டாம் என்றுவிட்டேன். கணக்கு டீச்சர் தொண்டைக்கு எதற்கு மைக்? "கடைசி பெஞ்சிலிருந்தே பாட்டு நம்பர் பளிச்சுன்னு தெரியுது" என்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமைதான். இருக்கட்டுமே! மதியம் நெத்திலிக் குழம்பு.

அக். 3, வியாழன்
புழுக்கம். துறைமுகத்து நிலக்கரித் தூசி வீடெல்லாம். ஜன்னல் துடைக்கையில் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. தடவினால் நேராகத்தான் இருக்கிறது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இவர் முகத்தில் மூக்கு இருக்கும் இடத்தில் வெறும் புகை. ஸ்கேல் இல்லாமல் போர்டில் நேர்கோடு போட்டவள் நான். எனக்கா?

"ஏளா, ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டா?"

"யார்ட்டயும் மூச்சு விடாதிய. சாட்சி சொல்லி ஒரு மாசம் ஆகல. ஊரு சிரிக்கும்."

அக். 5, சனி
இவர் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்கேன். விழித்திரையில் நீர் கோத்து வீக்கமாம். ஆபரேஷன் நன்றாக நடந்தவர்களுக்கும் சில வாரம் கழித்து வருமாம். சொட்டு மருந்து நான்கு வேளை. பெரும்பாலும் வற்றிவிடும் என்கிறார் டாக்டரம்மா. "லேட் பண்ணாம வந்தது நல்லது." இவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கம்.

அக். 6, ஞாயிறு
இரவு தூறல், காலையில் வெயில். குருவானவர் ஜெபக்குறிப்பு கேட்டார். எழுந்துவிட்டேன். "போன மாசம் சொன்னதும் நெசந்தான். இப்போ அதே கண்ணுல வீக்கம், கோடெல்லாம் வளையுது. எனக்காக ஜெபிச்சுக்கோங்க." ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசலில் அடுத்த தெரு தங்கபுஷ்பம் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் செய்த வாரமே அவளுக்கும் ஆபரேஷன்.

"டீச்சர், எனக்கும் கோணலாத்தான் தெரியுது."

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரமிருக்கும். ஒங்களுக்குப் பளிச்சுன்னு தெரியுதுன்னு சொன்னியள்லா? எனக்குத்தான் விசுவாசம் பத்தலயோன்னு வாயே தொறக்கல."

என் பெருமைப் பேச்சுதான் அவள் வாயைக் கட்டியிருக்கிறது. நான் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் அவளும் அப்படியேதான் இருந்திருப்பாள். இன்று எழுந்து நின்றேன் பார், அந்தப் பெருமையை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

நாளைக் காலையில் அவளுடன் ஆஸ்பத்திரி. ஆட்டோ சொல்லியாச்சு. வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போவேன்.