உம்மா கொடுத்த வட்டிலப்பம்

அன்புள்ள ஸுஹைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபித்துக்கொண்டு காத்தான்குடியில் உன் வீட்டை விட்டு வந்த நான், ஓட்டமாவடியில் என் உம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதம் குறைந்துகொண்டே வந்த உன் எடை, அதற்குமேல் குறையாமல் நின்றுவிட்டது. நான் கணினியில் வரைபடம் போட்டுக் காட்டி, களவாகத் தின்கிறாய் என்று ஏசினேன்.

இன்று உம்மா உன்னைப் புகழ்ந்தார். "ரெண்டு வாய் சோத்தோட எழும்பிருவா. ஆனா நான் கருப்பட்டியும் முட்டையும் போட்டு அவிச்சுக் குடுக்கிற வட்டிலப்பத்த ஒருநாளும் வேணாமெண்டதில்ல, மகன்."

அப்போதுதான் சத்திரசிகிச்சையைப் பற்றி முதன்முதலாகச் சொன்னேன். உம்மா கரண்டியை வைத்துவிட்டார். "அடேய், வயித்த வெட்டின புள்ளைக்கா என்னக் கொண்டு இனிப்புத் தீத்த வெச்ச?"

சோறு இறங்காத வயிற்றில் இனிப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று டாக்டர் என்னிடமும்தான் சொன்னார். போகிற வீடெல்லாம் காரணம் சொல்ல முடியாமல் நீ விழுங்கியிருக்கிறாய். சத்திரசிகிச்சையைப் பற்றி யாருக்கும் சொல்லாதே என்று நான் உன்னைத் தடுத்தது உன் நன்மைக்காக அல்ல. பெண்டாட்டியை மெலியவைக்க வயிற்றை வெட்டியவன் என்று கூட்டாளிமார் என்னைப் பகிடி பண்ணிச் சிரிப்பார்கள் என்று பயந்தேன்.

உன் கதவைத் தட்ட வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நானும் வரட்டுமா? வேண்டாம் என்றால், எடை நின்றதற்குக் காரணம், மறைக்கச் சொன்ன நான்தான் என்று டாக்டரிடம் நீயே சொல்லிவிடு.

உன்னை ஏசிய,
உன் கணவன்